முழு நைட்டுக்கு எழ முடியாத ஃபிட்டர்: ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் உறக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவைக்குக் கிழக்கே உள்ள ஒரு நூற்பாலைக்கு நான் வாரந்தோறும் மருத்துவராகச் சென்று வருகிறேன். அங்கே ஷிப்ட் ஃபிட்டராகப் பணியாற்றும், முப்பதுகளின் நடுவயதில் உள்ள ஒருவரைப் பற்றியது இந்தப் பதிவு. அவருடைய ஒப்புதலுடனேயே இதை எழுதுகிறேன். அவரும் ஆலையும் அடையாளம் காணப்படாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உறக்கம் தொடர்பான விவரங்களில் மட்டும் கைவைக்கவில்லை.

அந்த ஆலையில் மூன்று ஷிப்டுகள் உண்டு. பகல் ஷிப்ட் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை, அரை நைட் மாலை 4 முதல் நள்ளிரவு 12 வரை, முழு நைட் நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை. வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும். முழு நைட்டில் இருந்தவர் அடுத்த வாரம் அரை நைட்டுக்கும், அதற்கடுத்த வாரம் பகல் ஷிப்டுக்கும் வந்து, மீண்டும் முழு நைட்டுக்குப் போவார். அதாவது ஒவ்வொரு வாரமும் வேலை தொடங்கும் நேரம் எட்டு மணி நேரம் முன்னுக்கு வரும். இந்தச் சுழற்சியின் திசை முக்கியமானது. பின்னர் அதற்கு வருகிறேன்.

இவர் பதினோரு ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறார். நூலை முறுக்கிச் சுற்றும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களின் பழுது பார்ப்பதில் அவருடைய கையை நம்பித்தான் அந்தப் பிரிவு ஓடுகிறது என்று மேஸ்திரியே சொன்னார். அப்படிப்பட்டவர் முந்தைய சில மாதங்களில் பலமுறை முழு நைட்டுக்குத் தாமதமாக வந்திருந்தார். சில நாட்கள் வரவே இல்லை. இரண்டு மெமோக்கள் கொடுக்கப்பட்டிருந்தன. மூன்றாவது மெமோவுக்கு முன்பாக ஆலையின் தொழிலாளர் நல அலுவலர் அவரை என்னிடம் அனுப்பினார். உடன் வந்த சீட்டில், அடிக்கடி தாமதமாக வருகிறார், குடிப்பழக்கம் உண்டா என்று பார்த்துச் சொல்லவும் என்று எழுதியிருந்தது.

முதல் சந்திப்பு

அவர் குடிப்பவர் அல்லர். முதலில் அவர் சொன்னதும் அதைத்தான், அதுவும் சற்றே குரல் தழுதழுக்க. குடித்துவிட்டுக் கிடப்பதால்தான் வரவில்லை என்று ஷெட்டில் பேசிக்கொள்கிறார்கள் என்பதே மெமோவை விட அவரை அதிகம் வருத்தியிருந்தது. "அலாரம் அடிக்குதுங்க, நான்தான் எந்திரிச்சு நிறுத்துறேனாம், வீட்டுல சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே நெனப்பு இல்லீங்க டாக்டர்" என்றார். மூன்று அலாரம் வைத்துப் பார்த்திருக்கிறார். கைபேசியைத் தலைமாட்டிலிருந்து எடுத்துச் சமையலறை மேடையில் வைத்தும் பார்த்திருக்கிறார். ஒருநாள் எழுந்து சென்று அதை நிறுத்திவிட்டு, திரும்ப வந்து படுத்ததை மனைவி கண்ணால் பார்த்திருக்கிறார். அவருக்கோ அது நடந்ததே தெரியவில்லை.

மிகையான தூக்கத்துக்கு நோய்கள் காரணமாக இருக்கலாம் என்பதால் அவற்றை முதலில் விலக்க வேண்டியிருந்தது. குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திணறுதல், காலையில் தலைவலி ஆகியவை இல்லை என்பதை மனைவியிடம் தனியாகக் கேட்டு உறுதி செய்தேன். உறங்குபவருக்குத் தன் குறட்டை தெரியாது என்பதால் இந்தக் கேள்வியை உடன் உறங்குபவரிடம்தான் கேட்க வேண்டும். உடல் எடை, கழுத்துச் சுற்றளவு, இரத்த அழுத்தம் ஆகியவை இயல்பாக இருந்தன. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளிலும் குறை இல்லை. மனச்சோர்வுக்கான கேள்விகளுக்கு அவர் தந்த விடைகளில் கவலை இருந்தது, ஆனால் அது மெமோ பற்றிய கவலையே தவிர நோயாகக் கொள்ளும் அளவில் இல்லை. எப்வொர்த் தூக்கக் கலக்க அளவையில் 24-க்கு 15 வந்தது; பத்துக்கு மேல் வந்தாலே அது இயல்பை மீறியது என்று கொள்ளப்படுகிறது.

ஒரு செய்தி தற்செயலாகவே வெளிவந்தது. பஞ்சுத் தூசியால் அவருக்குத் தும்மலும் மூக்கடைப்பும் இருந்தன. அதற்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையை இரவு உணவுக்குப் பின் நெடுங்காலமாகப் போட்டு வந்திருக்கிறார். அட்டையை எடுத்து வரச் சொன்னேன். அதில் இருந்தது குளோர்பெனிரமைன். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்து அது. உடலிலிருந்து வெளியேற நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். பகல் ஷிப்ட் வாரத்தில் இரவு உணவுக்குப் பின் போட்டால் பெரிய தீங்கில்லை. முழு நைட் வாரத்தில் இரவு உணவுக்குப் பின் போட்டால், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தூக்க மாத்திரை போட்டதற்கு அது ஈடாகும். வேறு ஏதேனும் மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கு அவர் முதலில் இல்லை என்றே சொல்லியிருந்தார். தும்மல் மாத்திரையை நம் ஊரில் எவரும் மருந்து என்று எண்ணுவதில்லை. ஆகவே அதைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

நூற்பாலைத் தொழிலாளி என்பதால் நுரையீரலையும் பார்த்தேன். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும். அவருக்கு அது இல்லை. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த மூச்சு அளவுகளிலும் வேறுபாடு இல்லை.

டைம் ஆபீஸ் பதிவும் உறக்கக் குறிப்பும்

குடிப்பழக்கம் இல்லை, நோய் தெரியவில்லை என்று சீட்டில் எழுதி அனுப்பியிருந்தால், அடுத்து எஞ்சுவது சோம்பல் என்ற ஒரே முடிவுதான். ஆகவே அத்துடன் நிறுத்தாமல் இரண்டு ஆவணங்களைக் கேட்டேன். ஒன்று டைம் ஆபீஸில் இருந்த ஆறு மாத வருகைப் பதிவு. மற்றொன்று அவரே மூன்று வாரங்களுக்கு, அதாவது ஒரு முழுச் சுழற்சிக்கு, எழுத வேண்டிய உறக்கக் குறிப்பு. ஒரு நாளை 24 கட்டங்களாகப் பிரித்த தாளைக் கொடுத்து, தூங்கிய நேரத்தைப் பென்சிலால் நிரப்பவும், டீ, மாத்திரை, வேலை ஆகியவற்றை ஓர் எழுத்தால் குறிக்கவும் சொன்னேன். இத்தகைய குறிப்பை ஏழு நாட்களுக்காவது, இயன்றால் பதினான்கு நாட்களுக்கு எழுதச் செய்வது வழக்கம். சுழற்சி ஷிப்டில் இருப்பவருக்கு அதுவும் போதாது. எல்லா ஷிப்டும் ஒருமுறை வந்து போகும் வரை எழுதினால்தான் எது எதனால் கெடுகிறது என்பது தெரியும்.

வருகைப் பதிவைத் தேதி வாரியாகப் படித்தால் ஒழுங்கற்ற ஒரு மனிதர்தான் தெரிந்தார். ஷிப்ட் வாரியாகப் பிரித்தவுடன் வேறொன்று தெரிந்தது. பகல் ஷிப்டிலும் அரை நைட்டிலும் அவர் ஏறக்குறைய ஒருநாளும் தாமதமாக வரவில்லை. தாமதங்கள் முழு நைட் வாரத்திலேயே குவிந்திருந்தன. அந்த வாரத்திலும் முதல் இரண்டு இரவுகளில் இல்லை, மூன்றாம் இரவிலிருந்தே தொடங்கின. சோம்பலுக்கு இப்படிக் கிழமை பார்த்து வரும் வழக்கம் கிடையாது.

உறக்கக் குறிப்பு காரணத்தைக் காட்டியது. பகல் ஷிப்ட் வாரத்தில் அவர் இரவில் சுமார் ஏழு மணி நேரம் தூங்கினார். அரை நைட் வாரத்தில் பின்னிரவு ஒரு மணிக்குப் படுத்து, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் சத்தத்தில் ஒருமுறை விழித்து, மொத்தம் ஆறு மணி நேரம் தூங்கினார். முழு நைட் வாரத்தில் கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன. காலை ஒன்பதேகால் மணிக்குப் படுத்து, பன்னிரண்டேகாலுக்கு எழுந்துவிடுவார். மனைவி திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்கு வேலைக்குச் செல்கிறவர், எல்.கே.ஜி. படிக்கும் இளைய பிள்ளையை மதியம் பன்னிரண்டரைக்கு இவர்தான் போய் அழைத்து வர வேண்டும். அதன்பின் மனைவி மாலை ஆறரைக்கு வரும்வரை பிள்ளை இவர் பொறுப்பு. எட்டரைக்குச் சாப்பாடு, மாத்திரை. ஒன்பதரைக்குச் சற்றுக் கண்ணயரலாம் என்று படுப்பார். அலாரம் பத்தரைக்கு. மில் பஸ் பதினோரு மணிக்கு. இரண்டு வேளையும் சேர்த்து நாளொன்றுக்கு நான்கு மணி நேரத் தூக்கம்.

வார இறுதியில், கடைசி முழு நைட் முடிந்த சனிக்கிழமை காலை படுத்தவர் ஏறக்குறைய பதினொரு மணி நேரம் எழவே இல்லை. வீட்டில் அதைக் கும்பகர்ணத் தூக்கம் என்று சொல்லி வந்தார்கள். இரவு பஸ்ஸைத் தவறவிட்டதையும் அதையும் சேர்த்துப் பார்த்து, இவருக்குத் தூக்கம் அதிகம் என்ற முடிவுக்கு ஆலையும் வீடும் ஒருசேர வந்திருந்தன. குறிப்பைப் பார்த்தால் இவருடையது தூக்கம் போதாமை.

அதே தாளில் வேறொரு செய்தியும் இருந்தது. அரை நைட் வாரத்தின் ஒரு நாள் கட்டங்களில், மாலை நான்கிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை வேலை என்ற எழுத்து இடைவெளியின்றி ஓடியது. மாற்று ஃபிட்டர் வராததால் டபுள் ஷிப்ட் பார்த்திருக்கிறார். வருகைப் பதிவில் தேடியபோது இது மாதத்தில் சில முறை நடந்திருந்தது. வீட்டுக் கடனுக்காக அவரும் மறுக்கவில்லை.

அந்த ஒரு மணி நேரத் தூக்கம் ஏன் கலையவில்லை

நம் உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்துக்கான அழுத்தம் கூடிக்கொண்டே போகும். தூங்கினால்தான் அது இறங்கும். மற்றொன்று மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களால் ஆன உடற்கடிகாரம். அது கண் வழியே வரும் வெளிச்சத்தைக் கொண்டு தன்னை நாள்தோறும் சரிசெய்துகொள்கிறது. இக்கடிகாரம் எல்லா நேரத்திலும் ஒரே அளவில் தூங்க விடுவதில்லை. பின்னிரவில், குறிப்பாக நான்கு மணியை ஒட்டி, உடல் வெப்பம் மிகத் தாழ்ந்து தூக்கத்தின் இழுப்பு மிகுந்திருக்கும். மதிய உணவுக்குப் பின் ஒரு சிறு தளர்ச்சி வரும். இரவு வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில் கடிகாரம் விழிப்பையே வலுவாகத் தாங்கிப் பிடிக்கும். அப்போது தூங்க முயன்றால் எளிதில் வராது.

இவர் தேர்ந்தெடுத்திருந்தது அந்த நேரத்தையே. வாரத்தின் முதல் இரு நாட்களில் ஒன்பதரைக்குப் படுத்தாலும் புரண்டுகொண்டுதான் கிடந்தார். அலாரம் அடிக்கும்போது விழித்தே இருந்தார். ஆகவே தாமதம் இல்லை. மூன்றாம் நாளுக்குள் தூக்கக் கடன் ஏறி, கடிகாரத்தின் தடையை மீறிவிட்டது. ஒன்பதரைக்குப் படுத்தவுடன் உறங்கிப்போனார். கடன் மிகுந்த உடல் தூங்கத் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரத்திலேயே மிக ஆழ்ந்த உறக்கத்துக்கு இறங்கிவிடும். அந்த ஆழத்திலிருந்து எழுப்பப்படுபவர் எழுந்து நடப்பார், பேசுவார், அலாரத்தை நிறுத்துவார். பின்னர் அது நினைவில் இராது. பத்தரை மணி அலாரம் ஒவ்வொரு நாளும் அவரை மிக ஆழத்தில் இருக்கும்போதே தட்டியது. அதற்கு மேல் குளோர்பெனிரமைன்.

அலாரங்களைக் கூட்டுவது இங்கே பயன் தராததற்குக் காரணம் இதுவே. மெமோவும் ஒருவகையில் அலாரம்தான்: விழித்திருப்பவரை எச்சரிக்க முடியும், ஆழ்ந்து உறங்குபவரை அது எட்டாது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, மருந்தை மாற்றுவது. குளோர்பெனிரமைனை நிறுத்தி, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைக் கொடுத்தேன். ஷெட்டில் முகக்கவசம் அணிவதையும் வேலை முடிந்ததும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதையும் வழக்கமாக்கச் சொன்னேன். பகலில் உறங்குவதற்கென்று தூக்க மாத்திரை எதுவும் தரவில்லை. அவருக்குத் தூக்கம் வராத சிக்கல் இல்லை, தூங்க நேரம் இல்லாத சிக்கல்தான். விழித்திருக்கச் செய்யும் மொடாஃபினில் போன்ற மருந்தையும் தவிர்த்தேன். ஷிப்ட் வேலையால் வரும் தூக்கக் கலக்கத்துக்கு அமெரிக்காவில் அதற்கு அனுமதி உண்டு என்றாலும், நான்கு மணி நேரம் மட்டும் தூங்குபவரை அதைக் கொடுத்து இயந்திரத்தின் முன் நிறுத்துவது கடனை மறைக்குமே தவிர அடைக்காது.

இரண்டாவது, தூக்கத்தை இடம் மாற்றுவது. இதற்காக மனைவியையும் வரச்சொல்லி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினேன். முழு நைட் வாரத்தில் மட்டும், அதாவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாமியார் பிள்ளையை அழைத்து வந்து மாலை வரை தம் வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. மனைவியே முன்வந்து தம் தாயிடம் பேசினார். மாமியாரிடம் கேட்க இவருக்குத் தயக்கம் இருந்திருக்கிறது. மூன்றாவது மெமோவின் விளிம்புவரை போன சிக்கலுக்குள் அந்தத் தயக்கமும் ஒளிந்திருந்தது. இந்த ஏற்பாட்டால் காலை ஒன்பது முதல் மதியம் இரண்டரை வரை தடையில்லாத நேரம் கிடைத்தது. இடையில் விழித்துவிட்டால் உணவுக்குப் பின் இரண்டிலிருந்து நான்குக்குள் மீண்டும் படுக்கலாம். மதியத் தளர்ச்சியின் துணை அந்த நேரத்துக்கு உண்டு. மாலை ஆறு மணிக்குப் பின் படுக்கையில் சாயக் கூடாது. மிக அசதியாக இருந்தால் நாற்காலியில் இருபது நிமிடம், அதுவும் மனைவி அருகில் இருந்து எழுப்புவதாக இருந்தால் மட்டும். இருபது நிமிடத்துக்குள் பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கம் தொடங்காது. ஞாயிறு நள்ளிரவில் தொடங்கும் முதல் முழு நைட்டுக்கு முன், ஞாயிறு மதியம் கட்டாயம் இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும். முன்பு அந்த நாளில் காலையில் எழுந்தவர் மறுநாள் காலை எட்டு மணி வரை விழித்திருந்தார்.

மூன்றாவது, அறை. லைன் வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கிழக்கு நோக்கிய ஜன்னல். ஜன்னலுக்கு இரட்டை மடிப்பாகக் கறுப்புத் துணி கட்டினார்கள். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினார்கள். பக்கத்தில் ஓடும் விசைத்தறியின் சத்தம்தான் தொல்லை என்று நான் எண்ணியிருந்தேன். அது ஒரே சீராக இருப்பதால் தொல்லை இல்லை என்றும், மின்சாரம் போய்த் தறியும் மின்விசிறியும் ஒருசேர நின்றால்தான் விழிப்பு வருகிறது என்றும் அவர் சொன்னார். மின்கலத்தில் ஓடும் மேசை விசிறி ஒன்று வாங்கினார்கள். செலவு இவ்வளவே.

டீயைப் பொறுத்தவரை நிறுத்தச் சொல்லவில்லை. மில் கேன்டீனிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கு வரும் டீயை விட்டுவிட்டு, ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் குடிக்கச் சொன்னேன். காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்தரை மணி டீ, ஒன்பது மணிக்குப் படுப்பவரோடு சேர்ந்தே படுக்கைக்கு வரும்.

உடற்கடிகாரத்தை முழுவதும் இரவுக்கு மாற்ற நான் முயலவில்லை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் அது நகரும். ஒரு வாரத்துக்குள் பாதி வழி நகர்ந்தவுடன் ஷிப்ட் மாறிவிடும் என்பதால், அரைகுறையாக நகர்த்துவதை விடக் கிடைக்கும் நேரத்தில் போதிய தூக்கத்தை உறுதி செய்வதே மேல் என்று கருதினேன்.

பஸ்ஸைத் தவறவிட்டால் பைக்கில் வரக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்தேன். சில வாரங்களுக்கு முன் அப்படி வந்து, காலையில் திரும்பும்போது நேரான சாலையில் வண்டி ஓரத்து மண்ணில் இறங்கிச் சரிந்திருக்கிறது. முழங்கை சிராய்ப்போடு போயிற்று. வண்டி எப்படி இறங்கியது என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஆலையுடன் நடந்த பேச்சு

அவருடைய ஒப்புதலோடு நல அலுவலர், நூற்புப் பிரிவு மேலாளர், தொழிலாளர் பிரதிநிதிகள் ஆகியோரைச் சந்தித்தேன். டபுள் ஷிப்டைப் பற்றி முதலில் பேசினேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைகின்றன என்பது 1997-இல் வெளிவந்த ஆய்வொன்றின் முடிவு. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கான சட்ட வரம்பு 0.03 விழுக்காடு. காலையில் எழுந்து, மாலை நான்கு மணிக்கு வேலைக்கு வந்து, மறுநாள் எட்டு மணி வரை, கதிர்களைச் சுழற்றும் பட்டையான ஸ்பிண்டில் டேப்பை மாட்டும் ஒருவர் அந்த வரம்பைக் கடந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள், இல்லை. ஆனால் அதற்கு நிகரான நிலையில் அவரை வைத்தது அட்டவணைதான் என்று சொன்னேன். இந்நிகழ்வின்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்தையே பொது வரம்பாக வைத்திருந்தது என்பதையும் நினைவூட்டினேன். அரை நைட்டிலிருந்து முழு நைட்டுக்கு ஃபிட்டர்களை நீட்டிப்பதில்லை என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். பகல் ஷிப்ட் முடிந்தபின் சில மணி நேரம் நீட்டிப்பதை மட்டும் விட்டுவைத்தார்.

முழு நைட்டில் அரை மணி இடைவேளை அதிகாலை நான்கு மணிக்கு இருந்தது. அதை மூன்று மணிக்கு மாற்றி, கேன்டீனை ஒட்டிய அறையில் இருபது நிமிடம் சாய்ந்துகொள்ள இடம் கேட்டேன். கிடைத்தது. எழுந்தவுடன் கால்மணி நேரம் நகரும் இயந்திரத்தில் கைவைக்கக் கூடாது என்ற நிபந்தனையை நானே சேர்த்தேன், ஏனெனில் விழித்த கணத்தில் மூளை முழுமையாக விழிப்பதில்லை.

ஷிப்ட் சுழற்சியின் திசையில்தான் பேச்சு நீண்டது. உடற்கடிகாரம் முன்னே இழுக்கப்படுவதை விடப் பின்னே தள்ளப்படுவதை எளிதில் ஏற்கும். அதாவது பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசையே உடலுக்கு இசைவானது. இந்த ஆலையின் வரிசை நேர் எதிரானது. மாற்றும்படி பரிந்துரைத்தேன். மறுத்தவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் சொன்ன காரணம் வலுவானது. இப்போதுள்ள வரிசையில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முழு நைட் முடித்தவர், திங்கள் மாலை நான்கு மணிக்கு அரை நைட்டுக்கு வந்தால் போதும். இடையே 56 மணி நேரம் கிடைக்கிறது. தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வந்து தங்கி வேலை செய்பவர்கள் ஊருக்குப் போய் வருவது அந்த இடைவெளியில்தான். வரிசையைத் திருப்பினால் அது 48 மணியாகக் குறையும். அதைவிட, சனி நள்ளிரவில் அரை நைட் முடித்தவர் ஞாயிறு நள்ளிரவிலேயே முழு நைட்டுக்கு வர வேண்டியிருக்கும். இடையே 24 மணி நேரம் மட்டுமே. முதல் முழு நைட்டை விட்டுவிட்டு ஒருநாள் தள்ளித் தொடங்கலாம் என்றேன். ஒரு ஷிப்ட் சம்பளம் போகும் என்றார்கள். அந்தச் சம்பளத்தை ஆலை ஏற்க வேண்டும் என்று கேட்டேன். மேலாளர் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். சுழற்சி மாறவில்லை. திசையை மாற்ற வேண்டும் என்பதே இன்றும் என் கருத்து. ஆனால் அதன் விலையைத் தொழிலாளி தன் ஊர்ப் பயணத்தாலோ கூலியாலோ கொடுக்க வேண்டும் என்றால், அவர்கள் மறுத்ததில் தவறு காண என்னால் முடியாது.

பின்னர் நடந்தவை

அடுத்த முழு நைட் வாரத்தில் அவர் ஒருநாளும் தாமதமாக வரவில்லை. அதை நான் முடிவாகக் கொள்ளவில்லை. மூன்றாவது மெமோவின் அச்சமே ஒருவரை ஒரு வாரம் விழித்திருக்கச் செய்துவிடும். உறக்கக் குறிப்புதான் நம்பிக்கை தந்தது. நான்கு மணி நேரம் ஐந்தரை, சில நாள் ஆறு மணி நேரமாக உயர்ந்திருந்தது. மாலைத் தூக்கம் முற்றிலும் நின்றிருந்தது. கடைசி நாளின் நெடுந்தூக்கம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறைந்திருந்தது.

இரண்டாவது முழு நைட் வாரம் ஊர் மாரியம்மன் கோயில் நோம்பியோடு வந்தது. பகலெல்லாம் ஒலிபெருக்கி, வீடு நிறைய உறவினர்கள். இரண்டு நாட்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்க முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை அவர் செய்தது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. எப்படியாவது எழுந்துவிடலாம் என்று படுக்காமல், ஆறு மணிக்கே டைம் ஆபீஸுக்குத் தொலைபேசியில் பேசி, இன்று போதிய தூக்கம் இல்லை என்று சொல்லி மாற்று ஆள் கேட்டார். ஒருநாள் சம்பளம் போயிற்று. பதிவேட்டில் அது முன்னறிவித்த விடுப்பு என்று எழுதப்பட்டது. ஆறு மணி நேரம் முன்பே தெரிந்ததால் மாற்று ஃபிட்டரும் கிடைத்தார். டபுள் ஷிப்ட் தேவைப்படவில்லை.

அதற்கடுத்த முழு நைட் வாரங்களில் ஒருமுறை மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டார். அன்று மாமியாருக்கு உடல்நலமில்லாததால் பிள்ளையை இவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எப்வொர்த் அளவு 15-இலிருந்து 9-க்கு இறங்கியிருந்தது. தும்மல் குறைந்தது. மூன்றாவது மெமோ கொடுக்கப்படவில்லை. முந்தைய இரண்டும் கோப்பிலிருந்து நீக்கப்படவும் இல்லை. அதை நீக்கும்படி நான் எழுதிய கடிதத்துக்கு விடை வரவில்லை.

டபுள் ஷிப்ட் நின்றதால் அவருடைய மாத வருமானம் குறைந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கடன் தவணைக்காக மனைவி பனியன் கம்பெனியில் கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். உறக்கத்தைச் சரிசெய்ததன் செலவில் ஒரு பகுதி வீட்டின் மற்றொருவர் தோளில் ஏறியிருக்கிறது.

அடுத்த முறை மாற வேண்டியவை

இந்நிகழ்வுக்குப் பின் அந்த ஆலையில் தாமதத்துக்கான மெமோ தயாராகும் முன், வருகைப் பதிவை ஷிப்ட் வாரியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதி என் பார்வைக்கு அனுப்பும் வழக்கத்தை நல அலுவலர் தொடங்கியிருக்கிறார். தாமதம் எல்லா ஷிப்டிலும் பரவியிருந்தால் ஒரு வகை விசாரணை, ஒரே ஷிப்டில் குவிந்திருந்தால் வேறு வகை. இப்படி வந்த தாள்களில் முழு நைட்டின் மூன்றாம், நான்காம் இரவுகளில் குவியும் தாமதம் வேறு சிலரிடமும் தென்படுகிறது. அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள்; பகலில் சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாம் அவர்கள் மேலேயே விழுவதால், இவருக்குச் செய்தது போல ஒரு மாமியாரின் உதவியால் மட்டும் அவர்களுக்கு நேரம் கிடைத்துவிடாது. ஆலைக்குள் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, ஆனால் அது பகல் ஷிப்டுக்காரர்களின் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கிறது. முழு நைட் முடித்துப் போகும் தாயின் பிள்ளையைப் பகலில் அங்கே விடலாமா என்று கேட்டிருக்கிறேன்.

மருத்துவ அறையின் பதிவுத் தாளிலும் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறேன். தும்மல், சளி, அரிப்பு, பயணத்தில் வாந்தி ஆகியவற்றுக்குக் கடையில் வாங்கும் மாத்திரையின் பெயர் ஒன்று. கடந்த முழு நைட் வாரத்தில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை படுத்தார் என்பது மற்றொன்று. எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று மட்டும் கேட்டால், இவரும் முதல் நாள் சொன்னதைப் போல, பரவாயில்லைங்க, ஆறு மணி நேரம் இருக்கும் என்ற விடைதான் வருகிறது.

சுழற்சியின் திசை பற்றிய கோரிக்கை, முதல் முழு நைட்டுக்கான சம்பளத்தை ஆலை ஏற்கும் வகையில் திருத்தி எழுதப்பட்டு, ரிங் ஃபிரேம் ஃபிட்டர்களுக்கு மட்டும் மூன்று மாதச் சோதனையாக நடைமுறைப்படுத்தக் கேட்டு, தொழிலாளர் பிரதிநிதிகளின் கையெழுத்துடன் இப்போது நிர்வாகத்தின் முன் இருக்கிறது.